கர்சர் நடிக்கிற படம்

இன்னைக்குப் பேசப்போறது 17 நிமிஷமே ஓடுற ஒரு கனடியக் குறும்படம். பேரு ‘நோவா’. டொரான்டோவில் சினிமா படிச்சுக்கிட்டிருந்த வால்டர் உட்மன், பாட்ரிக் செடர்பெர்க் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்தது. 2013 டொரான்டோ திரைப்பட விழாவில் சிறந்த கனடியக் குறும்பட விருதும் வாங்குச்சு.

படம் முழுக்க ஒரு டீன்ஏஜ் பையனோட ஸ்கிரீன்தான். லேப்டாப், கொஞ்சம் ஃபோன். அதைத் தாண்டி நாம வெளிய போறதே இல்லை. ஸ்கைப்பில் கேர்ள்ஃப்ரெண்ட் பேசிட்டிருக்கா. இவன் பக்கத்து டேபில் வேற எதையோ பார்த்துக்கிட்டு ‘ம்’ கொட்டுறான். முகம் பொய் சொல்லும். மவுஸுக்கு அது வராது.

கால் கட் ஆகுது. சந்தேகம் வருது. நேரா அவளோட ஃபேஸ்புக் அக்கவுன்ட்டுக்குள்ளயே போயிடுறான். அவ இன்பாக்ஸைப் படிக்கிறான். அப்புறம் அவ ரிலேஷன்ஷிப் ஸ்டேட்டஸையே ‘சிங்கிள்’னு மாத்திடுறான். ஒரு காதல் முறியுற காட்சியை நம்ம சினிமாவில் எப்படி எடுப்பாங்க? மழை, வயலின், குளோஸ்-அப். இங்க ரெண்டு மூணு க்ளிக்தான், ஆனா பதறுது. ஏன்னா பாஸ்வேர்டு போட்டது அவன், அவ மெசேஜைப் படிச்சது நாமளும்தான். ‘இன்னும் கொஞ்சம் ஸ்க்ரோல் பண்ணுடா’ன்னு மனசு சொல்லுது பாருங்க, அந்த இடத்தில்தான் படம் நம்மளைப் பிடிக்குது.

இந்த மொழி அப்புறம் பெரிய படங்களுக்கும் போச்சு. 2018-ல் அனீஷ் சாகண்டி எடுத்த ‘சர்ச்சிங்’கில், ஒரு அப்பா மகளுக்கு மெசேஜ் டைப் பண்றார். இறந்துபோன அம்மாவைப் பத்தி ஒரு வரி சேர்க்குறார். நிறுத்துறார். அழிச்சிடுறார். அப்போ மகளுக்கு அந்த வரி தெரியாது. நிஜத்தில் நமக்கும் எதிர்ல அந்த மூணு புள்ளிதானே தெரியும்? அழிச்சதைக் காட்ட சினிமாவால்தான் முடியுது. 2020 லாக்டவுனில் வந்த மலையாள ‘சி யூ சூன்’ பார்த்தவங்களுக்கும் இந்த உணர்வு பழக்கமா இருக்கும்.

‘நோவா’வை டிவியில் போடாதீங்க. ஒண்ணு, 18+ விஷயங்கள் வரும், வீட்டு ஹாலில் மாட்டிக்குவீங்க. ரெண்டாவது, லேப்டாப்பில் ஃபுல் ஸ்கிரீன் வெச்சுப் பார்த்தா, ஒரு கட்டத்தில் அந்த அம்புக்குறியை நிறுத்த உங்க கையே மவுஸ்கிட்ட போகும்.