கணிப்பொறிக்கும் தமிழ்நெறி
(சோலார்ப்பேட்டையில் ஆற்றிய உரை)



கணிப்பொறிக்கு ஆங்கிலமே கட்டளைமொழி என்பார்க்கு விடையாக நிற்பது, முத்து அண்ணாமலை யாத்து 2009-இல் ஆய்வுரையால் அறிவித்த 'எழில்' நிரல்மொழி.

'பதிப்பி' எனின் திரையிற் காட்டும், 'நிரல்பாகம்' தொடங்கும், 'முடி' முடிக்கும். ஆங்கிலவழி மொழிகள் கட்டளைச்சொல்லை முன்னிறுத்தும். எழிலோ, '@( மதிப்பெண் >= 35 ) ஆனால்' என ஈற்றில் நிறுத்தும். 'வரை'யும் அவ்வாறே. நாம் பேசும் முறையன்றோ இது!

பெயரிடவும் நெறியுண்டு. எண்ணிற் தொடங்கலாகாது, இடைவெளி கூடாது, கட்டளைச்சொல்லைப் பெயராக்கலாகாது. தனிமெய் மொழிமுதல் வாராது எனக் கற்ற தொல்காப்பியர் வழியினர்க்கு இவ்வரம்பு புதிதோ?

பெருமை பேசி அமைதல் போதாது. வகுப்பிற்கு ஒரு பிள்ளையேனும் தமிழில் நிரலெழுதட்டும். வழங்காத கருவி துருவேறும்; வழங்காத சொல்லும் அஃதே.