கணக்கெழுதக் காலா வேண்டும்?

(ஆம்பூரில் ஆற்றப்பெற்ற உரை)



1971 வங்கப்போரில் கண்ணிவெடியால் சிதைந்த தம் காலைத் தாமே வெட்டியெறிந்தார் இயான் கார்தோசோ. பின்னர்ச் செயற்கைக் காலுடனேயே படையணிக்குத் தலைமை தாங்கினார். உள்ளே காலிழந்தவர்க்குக் கிட்டிய அவ்வாய்ப்பு, படைவீரர் மலிந்த நம் வேலூர்க் கம்மவான்பேட்டையில் கால் குன்றிப் பிறந்த இளைஞனுக்கு உண்டா? இல்லை! படைத்துறைக் கதவு அவனுக்கு அடைத்தே கிடக்கிறது. காவற்படையும் அப்படியே. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உடற்குறையுடையார்க்கு அரசுப்பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கிற்று. 2021இல் நடுவணரசு தன் காவற்படைகளின் போர்நிலைப் பணிகளனைத்தையும் அதனின்று விலக்கிவிட்டது.

எல்லையில் துமுக்கி ஏந்தக் கால் வேண்டும், மறுப்பாரில்லை. கணக்கெழுதவும் கமுக்கக் குறியீடு அவிழ்க்கவும் எதற்குக் கால்? இதே வேலூரில், 1954இல் நேர்ந்த ஊர்தி நேர்ச்சியில் கால்கள் செயலற்றுப்போன மருத்துவர் மேரி வர்கீசு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தாரே! எப்பணிக்கு எவ்வுறுப்புத் தேவையெனத் தனித்தனியே ஆய்ந்து, அவ்விலக்கை நடுவணரசு திருத்துக!