எங்க நிக்கிறீங்க?

விடிகாலை நேரம். எழும்பூர் ரயில் நிலையம். தெற்கேயிருந்து வந்த ரயிலில் இறங்கி, இரண்டு பெட்டியும் ஒரு அல்வாப் பையுமாகக் காந்தி இர்வின் சாலைப் பக்கம் வந்து நிற்கிறேன். செல்போனில் ஆட்டோ புக் செய்தாயிற்று. ஓட்டுநர் வந்துவிட்டதாகத் திரை சொல்கிறது. சுற்றிப் பார்த்தால் அந்த நம்பரில் ஓர் ஆட்டோவும் இல்லை. போன் அடிக்கிறது.

“எங்க நிக்கிறீங்க சார்?”

“ஸ்டேஷன் வாசல்லதாங்க நிக்கிறேன்.”

“நானும் ஸ்டேஷன் வாசல்லதான் சார் நிக்கிறேன்!”

இருவர் சொன்னதும் உண்மை. எழும்பூருக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு. அவர் நின்றது பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம். நடுவில் அத்தனை தண்டவாளம். வரைபடத்தில் விரற்கடைத் தூரம். ஆட்டோ சுற்றிக்கொண்டு வரக் கால் மணி நேரம். தப்பு என்னுடையதுதான். பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே புக் செய்தேன். ஏறுமிடத்துப் புள்ளி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஏறி உட்கார்ந்ததும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்குத்தான் சொன்னார். “நீங்க ஏறுன இடத்துலேர்ந்துதான் சார் காசு. தேடி வர்ற தூரத்துக்கு கேஸ் என் கைக்காசு.”

நேயர்களே, இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால், செயலி வழி ஆட்டோவிலும் கால் டாக்சியிலும் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம் புரிந்துவிடும். “எங்க போகணும், கேஷா, ஆன்லைனா?” என்று கேட்கிறார்களே, எரிச்சலாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அன்றைய கேஸுக்கும் வண்டித் தவணைக்கும் கையில் பணம் வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இப்போது சில செயலிகள் ஆட்டோ சவாரிக்குக் கமிஷன் பிடிப்பதில்லை. ஓட்டுநரிடம் நாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கின்றன. சவாரிப் பணத்தை நாமே நேராக அவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

தேடி வரும் தூரம் அவர் கைக்காசு. ஆகவே அவருக்கு நாம் காட்டும் முதல் மரியாதை, சரியான இடத்தில் தயாராக நிற்பது. செருப்பைத் தேடிக்கொண்டே புக் செய்யாதீர்கள். வாசலைப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள். அண்ணா சாலை போன்ற பெரிய சாலையில், போகவேண்டிய திசையில் வண்டிகள் ஓடும் பக்கத்துக்கு முதலில் கடந்துவிடுங்கள். ஒரு யூ டர்ன் மிச்சம். மேம்பாலத்தின் கீழே நிற்கிறீர்களா? புள்ளி பாலத்தின் மேல் விழுந்திருக்கலாம். பக்கத்துக் கடையின் பெயரை ஒரு வரி தட்டி அனுப்புங்கள். விமான நிலையத்தில் வண்டி எந்த இடத்தில் ஏற்றும் என்பதைத் தெரிந்துகொண்டு, அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கிட்டுப் பிறகு புக் செய்யுங்கள்.

பெட்டி நிறைய இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பல கால் டாக்சிகளின் டிக்கியில் பாதி இடத்தை கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும்.

வண்டி வந்ததும் அவசரப்பட்டு ஓடிபி சொல்லாதீர்கள். நம்பர் பிளேட்டைப் பாருங்கள். திரையில் உள்ள முகத்தையும் பெயரையும் பாருங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு ஓடிபி. இரவென்றால் பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். “இதை கேன்சல் பண்ணிட்டு நேரா குடுங்களேன்” என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேன்சல் செய்துவிட்டுப் போகும் பயணத்துக்குச் செயலியில் பதிவு கிடையாது. நாளைக்கு ஒரு சிக்கல் என்றால் கேட்க நாதியில்லை. ஆபத்து என்று தோன்றினால் யோசிக்க வேண்டாம், 112. பெண்களுக்கு 181 உதவி எண்ணும் உண்டு.

காரில் பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். பைக் டாக்சியில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இறங்கும்போது இடப்பக்கக் கதவு. வலப்பக்கம் சட்டென்று திறந்த கதவில் மோதி விழுந்த இருசக்கர வண்டிக்காரர்கள் எத்தனையோ பேர்.

மழை வந்தால் கட்டணம் ஏறும். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், அடிப்படைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு வரை வாங்க இடம் கொடுக்கிறது. தக்க காரணமின்றி கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் என்றும் சொல்கிறது. ஓட்டுநர் செய்தாலும் சரி, பயணி செய்தாலும் சரி. இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது அந்தந்த மாநிலத்தின் கையில். எப்படியிருந்தாலும் நம்மால் ஆனது, மூன்று வண்டியை புக் செய்துவிட்டு முதலில் வருவதில் ஏறிக்கொள்ளாமல் இருப்பது.

மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை. “வாங்கண்ணே” என்று ஏறுங்கள். வீடியோவின் சத்தத்தைக் குறையுங்கள். வழியில் பால் வாங்க நிற்கவேண்டும் என்றால் ஏறும்போதே கேளுங்கள். “சீக்கிரம் போங்க” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து நச்சரிக்காதீர்கள். சிக்னலைத் தாண்டினால் அபராதம் அவர் பேரில்.

இறங்குமுன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். முக்கியமாக ஆட்டோவில், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை. அன்றைக்கு என் அல்வாப் பை அங்கேதான் தங்கிவிட்டது. செயலியில் பழைய பயணத்தைத் தேடி எடுத்து அவரை அழைத்தேன். அரை மணியில் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி வந்த தூரத்துக்குப் பணம் நீட்டினேன். கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். அல்வாவிலும் ஒரு பொட்டலம் அவர் வீட்டுக்குப் போயிற்று.

இப்போதெல்லாம் எழும்பூரில் இறங்கினால், வெளியே வந்து நின்ற பிறகுதான் போனை எடுக்கிறேன். “காந்தி இர்வின் ரோடு பக்கம், பெட்டி ரெண்டு” என்று ஒரு வரி தட்டிவிடுகிறேன். “எங்க நிக்கிறீங்க?” என்று யாரும் கேட்பதில்லை.