ஏரியின் நலமும் எண்ணிக்கைக் கணக்கும்



ஏரிக்கரை உடைந்தால் ஊரே திரண்டு மண் கொட்டுகிறோம். மதகு பழுதுற்றால் மனு எழுதுகிறோம். ஆனால் ஏரியில் நிற்கும் நீரே பழுதுற்றால், அதனை நாம் எவ்வாறு அறிவது? மீன் செத்து மிதந்தால் அறிவோம் என்று சிலர் கூறுவர். மீன் சாகும்வரை காத்திருப்பது, வீடு பற்றி எரிந்தபின் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும். நோய் முற்றுமுன் அறிய ஒரு வழி உண்டு. அது முறையாக எண்ணிக் கணக்கிடும் வழி. அதனைப் பற்றியே இன்று நாம் சிறிது சிந்திப்போம்.

சிறு அளவு என்னும் ஏமாற்றம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கிளியர் லேக் என்னும் பெரிய ஏரி உள்ளது. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு சிறு பூச்சி அங்கே பெருகி மக்களுக்குத் தொல்லை கொடுத்து வந்தது. அதனை ஒழிக்க 1949-ஆம் ஆண்டில் ஏரி நீரில் ஒரு பூச்சிமருந்தைக் கலந்தனர். டி.டி.டி. மருந்தின் இனத்தைச் சேர்ந்த அது, 7 கோடி பங்கு நீருக்கு ஒரு பங்கு என்னும் அளவிலேயே இடப்பட்டது. பூச்சி மீண்டும் தலையெடுக்கவே 1954-இல் 5 கோடிக்கு ஒரு பங்காகவும், 1957-இல் மூன்றாம் முறையாகவும் இட்டனர்.

இவ்வளவு சிறு அளவு என்ன செய்துவிடும் என்றே அனைவரும் எண்ணினர். ஆனால் ஆயிரம் இணைகளுக்கு மேல் அங்கே வாழ்ந்த முக்குளிப்பான் இனப் பறவைகள் மடியத் தொடங்கின. இறந்த பறவைகளின் கொழுப்பைச் சோதித்தபோது, பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு மருந்து அதில் இருந்தது. நீரில் இட்ட அளவைப்போல் அது ஏறத்தாழ 80,000 மடங்கு! நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் மருந்தைத் தம் உடலில் சேர்த்தன. அவற்றைச் சிறு மீன்கள் தின்றன. சிறு மீன்களைப் பெரிய மீன்களும் பறவைகளும் தின்றன. ஒவ்வொரு படியிலும் நஞ்சு திரண்டுகொண்டே போயிற்று. நீரை மட்டும் அளந்தவர்களின் கணக்கில் இது அகப்படவில்லை. ஆகவே எதனை அளக்க வேண்டும் என்பதே முதற் கேள்வியாகும்.

பாதி மீன் கணக்கு

ஒரு மருந்து மீனுக்கு எவ்வளவு கொடியது என்பதை ஆய்வுக்கூடத்தில் எவ்வாறு காண்கின்றனர்? பல தொட்டிகளில் ஒரே இன மீன்களைச் சம எண்ணிக்கையில் விடுகின்றனர். தொட்டிக்குத் தொட்டி மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, 96 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுகின்றனர். எந்த அளவில் சரிபாதி மீன்கள் மடியுமெனக் கணக்கு காட்டுகிறதோ, அதுவே அம்மருந்தின் நச்சளவாகக் குறிக்கப்படுகிறது. இந்த எண் சிறியதாக இருந்தால் மருந்து கொடியது என்று பொருள்.

பாதியை ஏன் கொண்டனர்? நலிந்த மீன் ஒன்று மிகச் சிறிய அளவிலேயே இறந்துவிடலாம். வலிய மீன் ஒன்று மிகப் பெரிய அளவையும் தாங்கிவிடலாம். இவ்விரண்டு ஓரங்களையும் நம்பிக் கணக்கிட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வரும். நடுவிலுள்ள அளவே நிலையாக நிற்கும்.

மருந்தே கலவாத தொட்டியொன்றும் உடன் இருத்தல் இன்றியமையாதது. அதிலும் சில மீன்கள் தாமாகவே இறக்கும் அல்லவா? அந்த இழப்பைக் கழிக்க அப்பட் என்னும் பூச்சியியல் அறிஞர் 1925-ஆம் ஆண்டில் ஓர் எளிய வாய்பாட்டை வகுத்தார். எடுத்துக்காட்டாக, மருந்தில்லாத தொட்டியில் நூற்றுக்கு 10 மீன்களும், மருந்திட்ட தொட்டியில் நூற்றுக்கு 55 மீன்களும் இறந்தன என்று கொள்வோம். 55-இல் 10-ஐக் கழித்தால் 45. மருந்தில்லாமலே பிழைத்திருக்கக்கூடியவை 90. அந்த 90-இல் 45 என்பது சரிபாதி. எனவே மருந்தினால் விளைந்த இழப்பு நூற்றுக்கு 50 ஆகும்.

சாகாத மீனும் குறையும் இனமும்

இந்தக் கணக்கு நான்கு நாட்களில் சாவதை மட்டுமே காட்டும். சாகாமலே நலியும் மீன்களை அது காட்டாது. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1968-ஆம் ஆண்டு முதல் சிறு ஏரிகள் பலவற்றை முழுமையாகவே ஆராய்ச்சிக்கென ஒதுக்கியுள்ளனர். அவற்றுள் 260-ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள பெண்மைச் சுரப்புப் பொருளை மிகச் சிறு அளவில் கலந்தனர். 20 கோடி லிட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் என்பதே அந்த அளவு. மீன்கள் செத்து மிதக்கவில்லை. ஆயினும் ஆண் மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் ஊறிற்று. குஞ்சுகள் அருகின. சில ஆண்டுகளுக்குள் ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியில் அற்றுப்போகும் நிலையை எட்டியது. கலப்பதை நிறுத்தியபின், சில ஆண்டுகளில் அது மீண்டும் பெருகியது.

மீன் குறைந்தது மருந்தினால்தான் என்று எப்படித் துணிந்தனர்? குளிர் மிகுந்ததாலோ மழை குறைந்ததாலோ குறைந்திருக்கலாகாதா? அதற்கும் கணக்கே விடை கூறிற்று. மருந்து கலப்பதற்கு முன்பிருந்தே அந்த ஏரியின் மீன்களை எண்ணி வந்தனர். மருந்து கலவாத ஏரிகளிலும் அவ்வாறே எண்ணி வந்தனர். வானிலை காரணமாயின் எல்லா ஏரிகளிலும் மீன் குறைந்திருக்க வேண்டும். அவ்வாறு நேரவில்லை.

நம் ஊருக்கும் இதுவே பொருந்தும். நம் ஏரியில் சென்ற ஆண்டு பத்து வீச்சுக்கு 100 மீன், இவ்வாண்டு 40 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஏரியிலும் 100 என்பது 40 ஆகியிருந்தால், வறட்சியைப் போன்ற பொதுக் காரணத்தையே முதலில் ஐயுற வேண்டும். அங்கே 95 இருந்தால், நம் ஏரிக்குள் வந்தது யாது என்று தேட வேண்டும். முன்னும் பின்னும் எண்ணாமல், பக்கத்தையும் பாராமல் ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்துவதால் பயனில்லை.

எங்கே நீர் மொள்வது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். சோற்றுக்கு அது பொருந்தும், ஏரிக்குப் பொருந்தாது. வரத்துக் கால்வாயின் வாயில் ஒரு நீர், மதகடியில் ஒரு நீர், ஆழத்தில் ஒரு நீர். பாசி நிறைந்த ஏரியில், இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். பிற்பகலில் அது மிகுந்திருக்கும். ஒரே துறையில் பத்துக் குடம் மொண்டாலும் அது பத்துச் சோதனை ஆகாது. ஒரே இடத்தின் சோதனையே ஆகும்.

இடத்தை நம் விருப்பப்படி தேர்ந்தால் நம்மை அறியாமலே ஒருபுறம் சாய்ந்துவிடுவோம். ஏரியைக் கட்டங்களாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கி இடம் தேர்வதே நடுநிலையான வழி. இது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடத்தில் ஓலையிட்டு, விவரம் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்து வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுகிறது. அவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று! ஆள் தேர்ந்த அதே நடுநிலையோடு இடத்தையும் தேர்வோமாக.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகத்தில் ஏரிக்கென ஒரு குறிப்பேடு வைப்போம். மாதம் ஒரு நாள், ஒரே வேளையில், சீட்டில் விழுந்த இடங்களுக்குச் செல்வோம். வெண்மையான வட்டத் தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுதுவோம். செக்கி என்னும் இத்தாலிய அறிஞர் 1865-இல் கையாண்ட இம்முறை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. நீர் கலங்குவதையும் பாசி பெருகுவதையும் அது காட்டிவிடும். வலைவீச்சுக்கு எத்தனை மீன், அவற்றுள் குஞ்சு எத்தனை என்று எழுதுவோம். மீன் கிடைக்காத நாளையும் சுழியம் என்று தவறாமல் எழுதுவோம். அதனை விட்டுவிட்டால் கணக்கே பொய்யாகும். சுற்று வயல்களில் எந்த மருந்து, எந்நாள் தெளிக்கப்பட்டது என்பதையும் குறிப்போம். பக்கத்து ஊரையும் இவ்வாறே செய்யத் தூண்டுவோம்.

மீன்கள் திடீரென மடிந்தால், அன்றே தூய கண்ணாடிப் புட்டியில் நீர் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, குறிப்பேட்டின் நகலோடு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவோம். நாள் கடந்தால் தடயம் கரைந்துவிடும். கணக்கு முடியும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு: தெளிப்பானை ஏரியில் கழுவாதிருத்தல், மருந்துக் குப்பியை வாய்க்காலில் எறியாதிருத்தல்.

கரையைக் காக்க மண்வெட்டி எடுத்த நாம், நீரைக் காக்க எழுதுகோலையும் எடுப்போம். அடுத்த மாதக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, ஏரிக் குறிப்பேட்டின் முதற் பக்கமும் வாசிக்கப்படட்டும்.