கவனக்குறைவு என்று எழுதும் முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழில் அனுபவத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் நம் சங்கச் செயலாளர். நான் என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

எங்கள் பூர்வீகம் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். வானம் பார்த்த பூமி. அந்தக் காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கமிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனார்கள். பௌரிங்பேட்டையில், அதாவது இன்றைய பங்காருப்பேட்டையில், ரயில் மாறினால் தங்கவயல். அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் என் கொள்ளுத்தாத்தா. போனார், திரும்பி வரவில்லை.

மாசி அமாவாசை அன்று வீட்டில் அவருக்குப் படையல் போடுவார்கள். படம் கிடையாது. ஒரு சொம்புத் தண்ணீர், இலை, விளக்கு, அவ்வளவுதான். எப்படிச் செத்தார் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கயிறு அறுந்து கூண்டு விழுந்தது என்பார் பெரியப்பா. குடித்துவிட்டு வேலைக்கு இறங்கினார் என்பார்கள் ஊரில். இந்தக் கடைசிப் பேச்சு என் அப்பாவை வாழ்நாள் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

நான் தேட ஆரம்பித்தபோது கையில் தேதி இல்லை. தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 1 என்று இருந்தது. அது தலைமையாசிரியர் போட்ட தேதி என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு அப்படித்தான் இருக்கும்! துப்பு கொடுத்தது எங்கள் ஆயா எப்போதோ சொன்ன ஒரு பேச்சு: "அஞ்சு மாச வயித்தோட எங்க மாமியா ஊருக்கு வந்தாங்க. துன்மதி வருஷம் ஆனியிலதான் உங்க தாத்தா பொறந்தாரு."

துன்மதி என்றால் 1921 சித்திரையில் தொடங்கிய வருஷம். அதற்கு முந்தைய மாசி ரௌத்திரி வருஷத்தில் வரும். பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அந்த மாசி அமாவாசை 1921 மார்ச் 9. படித்த நான் திணறிக்கொண்டிருந்த கணக்கை, எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா நினைவில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

பிறகு பெங்களூரில் ஓர் ஆவணக் காப்பகத்தில் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்தேன். அந்தக் கால விபத்து அறிக்கை ஒன்றில் அதே தேதி கிடைத்தது. இரவு ஷிப்ட், பாறை விழுந்து ஒருவர் மரணம். பெயர் ஆங்கிலத்தில் சிதைந்து கிடந்தது; வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அவர் பெயர்தான். அறுந்த கயிறும் இல்லை, குடித்தார் என்றும் இல்லை. காரணம் என்ற இடத்தில் மட்டும், இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது.

பொறியாளன் புத்தி சும்மா இருக்குமா? ஆயிரம் மீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் பாறையின் எடை ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 270 கிலோ. தாதுவை வெட்டி எடுத்தால் அந்தப் பாரம் மிச்சமிருக்கும் தூண்களின் மேல் போய் ஏறும். கோலார்ப் பாறை கடினமானது, வளைந்து கொடுக்காது. தாங்கும் வரை தாங்கி, ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். இதை அங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் இதைப் பற்றி 1904-லேயே ஓர் அறிக்கை எழுதி அச்சிட்டிருக்கிறார். என் கொள்ளுத்தாத்தா இறப்பதற்குப் பதினேழு வருஷம் முன்பு! அவர் மேல் விழுந்ததும் அப்படி வெடித்த பாறைதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த மண்ணுக்குள் பாறை தானாகவே வெடிக்கும் என்று தெரிந்த காலத்தில், இறந்தவர் வாய் திறந்து பேச முடியாத நிலையில், பழி அவர் மேலேயே எழுதப்பட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே 1923-ல்தான் வந்தது.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வெட்கம். ஏன் தெரியுமா? அதற்கு ஆறு வாரம் முன்பு, நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் இரண்டு விரல்கள் பிரஸ்ஸில் போயின. இருபத்திரண்டு வயசுப் பையன். விசாரணை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்த மெஷினில் கம்பிவலைத் தடுப்பு மூடாவிட்டால் ஓட விடாத சுவிட்சைக் கட்டிப் போட்டிருந்தார்கள். உற்பத்தி எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

திங்கட்கிழமை போய் அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். மேலே யாருக்கும் பிடிக்கவில்லை. அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை. ஆனால் எல்லா பிரஸ்களிலும் சுவிட்சைச் சரி செய்தார்கள். பையனுக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம் சேர்ந்தது. விரல்கள் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு அப்பாவைத் தங்கவயலுக்கு அழைத்துப் போனேன். 2001 பிப்ரவரி 28-ல் மூடிய சுரங்கம். மலை மலையாக சயனைடு மண்மேடுகள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அந்த இடத்தில் 1965-ல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள் என்று நான் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா காதில் விழவில்லை. "குடிச்சிட்டு எறங்கலையில்ல?" என்று மட்டும் கேட்டார். "இல்லப்பா" என்றேன். கீழே குனிந்து கொஞ்சம் மண்ணை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார்.

தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே திதியைக் கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு நீங்களும் ஒரு படிவத்துக்கு முன்னால் உட்காருவீர்கள். அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். நூறு வருஷம் கழித்து யாரோ ஒரு பேரப்பிள்ளை அதைத் தேடி வந்து படிக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.