கல்லாப்பெட்டியை மட்டும் நம்பலாமா?

(வணிகர்கள், இளைஞர்கள் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரியும். கடைக்காரருக்கு? கண் மங்கி, முழங்கால் வலித்து, கடைப்படி ஏற முடியாமல் போகும் நாள்தான் நமக்கு ஓய்வு நாள். அன்று கையில் என்ன இருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா?

"கடை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்பீர்கள். கட்டடம் வாடகை. சரக்கு கடன். மகனோ வளைகுடாவில் தன் குடும்பத்துக்கே திண்டாடுகிறான். இதைச் சொத்து என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்!

முதல் தவறு கல்லாவில்தான் தொடங்குகிறது. சரக்குக்கும் அதே பெட்டி, மளிகைக்கும் அதே பெட்டி, மகள் திருமணத்துக்கும் அதே பெட்டி. கடை லாபத்தில் ஓடுகிறதா, முதலைத் தின்று ஓடுகிறதா என்பது முதலாளிக்கே தெரிவதில்லை. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரியுங்கள். மாதம் இவ்வளவு என்று உங்களுக்கு நீங்களே சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருமான வரி. இந்தப் பெயரைக் கேட்டாலே நம்மவர்களுக்கு நடுக்கம். அந்த நடுக்கத்துக்கு அவசியமே இல்லை.

ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ள சிறு வணிகர், விரிவான கணக்குப் புத்தகங்கள் இல்லாமலே அனுமான அடிப்படையில் லாபத்தைக் காட்டச் சட்டத்தில் வழியிருக்கிறது. ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வந்த விற்பனையில் 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். கமிஷன் ஏஜெண்டுகளுக்கு இது பொருந்தாது. உண்மை லாபம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதலையே காட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். ஆண்டு விற்பனை 1 கோடி. பாதி ரொக்கம், பாதி யு.பி.ஐ. 50 லட்சத்துக்கு 8 சதவீதம் 4 லட்சம். மீதி 50 லட்சத்துக்கு 6 சதவீதம் 3 லட்சம். ஆக வருமானம் 7 லட்சம். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சாதாரண வருமானம் உள்ள தனிநபருக்கு, தள்ளுபடி போக வரியே இல்லை. ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லாத மனிதர், ரிட்டர்ன் தாக்கல் செய்யப் பயந்து ஒதுங்கி நிற்கிறார்!

இந்த ஒதுங்கலுக்கு விலை உண்டு. வங்கியில் கடன் கேட்டால் முதலில் கேட்பது ரிட்டர்னைத்தான். இன்னொன்றையும் சொல்கிறேன். சாலை விபத்தில் ஒரு வணிகர் இறந்தால், அவருடைய வருமானத்தை வைத்தே நீதிமன்றம் இழப்பீட்டைக் கணக்கிடுகிறது. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்கு உட்பட்டவரென்றால் எதிர்கால உயர்வுக்காக வருமானத்தோடு 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வருமானத்துக்கு அத்தாட்சி வேண்டாமா? மாதம் 60 ஆயிரம் சம்பாதித்தவரின் மனைவி ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் போய் நின்றால், கூலித் தொழிலாளியின் வருமானத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

கைமாற்று விஷயத்திலும் கவனம் தேவை. 20 ஆயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்கக்கூடாது. மீறினால் அதே தொகையை அபராதமாக விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வட்டியில்லாமல் உதவுவது நல்ல பழக்கம்தான். அதை வங்கி வழியாகச் செய்யுங்கள்.

இனி முதுமைக்கான சேமிப்பு. இளைஞர்களே, இது உங்களுக்கு. 30 வயதில் தொடங்கி நாளுக்கு 100 ரூபாய் ஒதுக்கினால், 25 ஆண்டில் அசல் மட்டுமே 9 லட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபாய். ஆனால் பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் பொருளின் விலை இரட்டிப்பாகிவிடும்.

வட்டி வேண்டாம் என்போர் வருங்கால வைப்பு நிதியையும் வங்கி வைப்பையும் தவிர்க்கிறார்கள். தவிர்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை. வாடகை வரும் சிறு கட்டடம், தங்கம், வட்டித் தொழிலையும் மதுவையும் விலக்கி முதலீடு செய்யும் பரஸ்பர நிதிகள் என்று வழிகள் இருக்கின்றன. பரஸ்பர நிதிகளில் ஏற்ற இறக்கம் உண்டு. நீண்ட காலம் பொறுக்க முடிந்தவர் மட்டும் இறங்கட்டும்.

இந்தத் தேவையைத் தெரிந்துகொண்டே வலை விரிப்பவர்களும் இருக்கிறார்கள். 2019 ஜூன் மாதம் பெங்களூரில் என்ன நடந்தது? ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனம், வட்டியில்லா ஹலால் லாபம் என்று சொல்லித் திரட்டிய பணத்தோடு சரிந்தது. நிறுவனர் துபாய்க்குப் போனார். ஜூலையில் டெல்லியில் கைதானார். புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் பல்லாயிரம் பேர். மகள் திருமணப் பணம், கணவர் விட்டுச்சென்ற பணம் எல்லாம் அதில் போயின. தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். செபியிலோ ரிசர்வ் வங்கியிலோ பதிவு உண்டா என்று கேளுங்கள். மாதந்தோறும் நிச்சய லாபம் என்று ஒருவர் சொன்னால், எந்த வியாபாரத்தில் மாதந்தோறும் நிச்சய லாபம் வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள். நாமும் வியாபாரிகள்தானே?

நிறைவாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு கடை அடைத்ததும் ஒரு நோட்டை எடுங்கள். யாரிடம் எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், எந்த வங்கியில் கணக்கு, எங்கே பத்திரம் என்று எழுதுங்கள். எழுதி மனைவியிடம் காட்டுங்கள். நாளைக்கு நாம் இல்லாவிட்டாலும் அந்த நோட்டு அவர்களுக்குத் துணை நிற்கும்.