செதில்படையும் மூட்டு வாதமும்



உரத்தையும் வாய்க்கால் தூர்வாருதலையும் பற்றிப் பேச வேண்டிய வட்டார வளர்ச்சி அதிகாரிகள் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று தாங்கள் எண்ணலாம். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களுக்கு நாம் செல்லும்போது சிலரைக் காண்கிறோம். முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளி போன்ற செதில்கள் உதிரும். விரல்கள் வீங்கி அரிவாளின் பிடி கையில் நிற்காது. அண்டை வீட்டார் அவருடன் பந்தியில் அமரத் தயங்குகின்றனர். தொழுநோய் என்று முணுமுணுக்கின்றனர். அது தொழுநோய் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. (தொழுநோயும் இன்று மருந்தால் குணமாகும் என்பது வேறு விஷயம்.)

டாக்டர்கள் இதனைச் சொரியாசிஸ் என்பர். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குவதால் விளைவது. வேலியே பயிரை மேய்ந்த கதை! சிலருக்கு இது தோலோடு நில்லாமல் மூட்டுகளையும் பற்றுகின்றது. பெரும்பாலும் படை முதலில் தோன்றும். பல ஆண்டுகள் கழித்து, உழைக்கும் வயதில், மூட்டு வாதம் வரும். காலையில் அரை மணிக்கு மேல் மூட்டுகள் விறைத்திருத்தல், ஒரு விரல் முழுவதும் தடித்துப் போதல், நகத்தில் ஊசிமுனைக் குழிகள், வரப்பில் நடக்கையில் குதிகால் வலி ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்கலாகாது. ஆறு திங்கள் தாமதமே மூட்டு அரிப்பை மிகுதிப்படுத்தும் என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அரித்த மூட்டை மருந்து மீட்டுத் தராது.

சிகிச்சை என்ன? நோய் இலேசாயின் வலிநீக்கி மாத்திரையும் உடற்பயிற்சியும் போதும். வலிநீக்கியையும் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். நோய் முற்றுமாயின், மெதோட்ரெக்ஸேட் என்னும் விலை மலிந்த மருந்தைப் பெரிதும் தருகின்றனர். இம்மருந்தில் நமக்கும் சிறிது பெருமையுண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சியின் வழியே பிறந்தது அது. 1951இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு இனமான மருந்தொன்றை மூட்டு வாதத்துக்குக் கொடுத்தபோது, தோற்படையும் மறையக் கண்டனர். சுப்பாராவ் 1948இலேயே காலமாகிவிட்டார்.

இம்மருந்தை வாரத்தில் ஒரே நாள்தான் உட்கொள்ள வேண்டும். தினந்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து! வீட்டிலுள்ளோர் கிழமையை நாட்காட்டியில் குறித்து வைத்தல் நன்று. மது அறவே ஆகாது. கர்ப்பிணிகளும் குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்களும் உட்கொள்ளலாகாது. இரத்தமும் கல்லீரலும் அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டும்.

இதிலும் அடங்காதவர்க்கு ஊசி மருந்துகள் உள. 2014இல் அடாலிமுமாப் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியபின் விலை இறங்கிற்று. ஆயினும் ஏழைக் குடியானவர்க்கு அது இன்னும் பாரமே. ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை இன்றியமையாதது. மறைந்து கிடக்கும் காசம் இம்மருந்தால் கிளர்ந்தெழக்கூடும்.

வெட்பாலைத் தைலம் தோலுக்கு இதமளிக்கலாம். மூட்டைக் காக்கும் என நம்பி அதனோடு நின்றுவிடலாகாது. பெயரில்லாப் பொட்டலத்தில் சந்தையில் விற்கும் பொடிகளை நாம் வன்மையாக மறுக்கிறோம். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. இரண்டே நாளில் வலி பறந்துவிடும்; நிறுத்தியதும் படை சீழ்கொண்டு உடலெங்கும் பரவவும் கூடும்.

அண்ணாமலைநகரில் 1985இல் தோன்றிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றது. கடலூர்ப் பக்கத்தார்க்கு மஞ்சக்குப்பம் தலைமை ஆஸ்பத்திரி அருகில் உள்ளது; புதுச்சேரி ஜிப்மரும் பஸ் தூரமே. அங்கத்தினர்கள் தத்தம் வார்டில் இத்தகையோரைக் கண்டால் முதன்முறை உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். செல்லும்போது பழைய மருந்துச் சீட்டுகளோடு, இதுவரை தின்ற பொடிப் பொட்டலங்களையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் அவற்றைப் பார்த்தாக வேண்டும்.